ஏறத் தெரிந்த பிறகும் பின்தங்குவது ஏன்?

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி சைக்கிள் பந்தயம் பற்றிக் கேட்டிருக்கிறார். வயது 24, தேயிலைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் கேட்டதன் சுருக்கம் இதுதான்: "மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதில் எங்கள் வட்டாரத்தில் என்னை முந்த ஆளில்லை. ஆடி மாதம் உள்ளூர் கிளப் அணியோடு முதல் பந்தயம் ஓட்டினேன். கீழே அன்னூர் பக்கம் போய்ச் சுற்றி 60 கிலோமீட்டர், அப்புறம் மலை. அன்னூரிலிருந்து திரும்பும்போது நான்தான் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். மலை தொடங்கி நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே கால் செத்துவிட்டது. என்னைவிட மெதுவாக ஏறுகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போனார்கள். அடுத்த பந்தயத்தில் மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் காற்றைத் தாங்கும் வேலை எனக்கு என்கிறார் கேப்டன். அப்படியென்றால் அணி எதற்கு, தனியாகவே ஓட்டலாமே? சைக்கிளை மாற்ற வேண்டுமா?"

தம்பி, நான் குன்னூரில் 17 வருடமாக ஒரு கிளப்போடு ஓட்டுகிறேன், இப்போது சின்னப் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். என் முதல் பந்தயமும் இப்படித்தான் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் தோற்றது நாலாவது வளைவில் இல்லை. அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் திரும்பும் அந்த இருபது கிலோமீட்டரிலேயே தோற்றுவிட்டீர்கள். ஆடியில் அந்தப் பக்கம் காற்று எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமாக அதன் வழியாகத்தான் கோயமுத்தூர் மாவட்டத்துக்குள் பாய்கிறது. அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்னூருக்குப் போகும்போது அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கும், "இன்னைக்குக் கால் நல்லா இருக்கு" என்று நினைத்திருப்பீர்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சுக்கு நேராக வந்தது. அந்த நேரம் பார்த்து முன்னால் போய் நின்றீர்கள்.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். காற்றே வீசாத நாளில் சமதளத்தில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போக உங்கள் கால் ஏறக்குறைய 240 வாட் சக்தி கொடுக்க வேண்டும். அதில் 200 வாட் காற்றைப் பிளக்கவே போய்விடுகிறது. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓடினால் காற்றுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், அதாவது அறுபது வாட்டுக்கு மேல். இப்போது ஏற்றத்துக்கு வாருங்கள். 6 சதவீதச் சரிவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 225 வாட் போல ஆகும். அதில் காற்றுக்குப் போவது 15 வாட்கூட இல்லை, கிட்டத்தட்ட முழுவதும் உடம்பை மேலே தூக்கத்தான். மலையில் ஒருவர் பின்னால் ஒளிந்தாலும் ஒளியாவிட்டாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கீழே ஒளிந்து வருகிறவனுக்கும் முன்னால் நிற்கிறவனுக்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது. எதிர்காற்று வீசும் நாளில் அது இன்னும் பெரிய மலை.

உங்களைத் தாண்டிப் போனவர்கள் உங்களைவிட வேகமாக ஏறுகிறவர்கள் இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்த இருபது கிலோமீட்டரும் ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்கள். அதில் தப்பும் இல்லை, இந்த விளையாட்டே அதுதான்.

நம் மலைப்பிள்ளைகளுக்கு இது புரிய நாளாகும். வளர்ந்ததெல்லாம் ஏற்ற இறக்கத்தில். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை அருவங்காட்டிலிருந்து எல்லநள்ளிக்குத் தள்ளியும் ஓட்டியும் கால் உரமேறி இருக்கிறது. ஏற்றத்தில் அவரவர் பாடு அவரவருக்கு, கூட்டம் தானாகவே பிரிந்துவிடும். அதனால் "வலுவானவன் ஜெயிப்பான்" என்று மனதில் பதிந்துபோகிறது. கூட்டத்துக்குள் ஓட்டுவது என்று தனியாக ஒரு வித்தை இருக்கிறது. அதை நம் சாலைகள் கற்றுக்கொடுக்காது. குன்னூர்–கோத்தகிரி சாலையில் நாலு பேர் சேர்ந்து ஓட்டினாலே பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும், மூன்று வளைவுக்குள் நாலு பேரும் நாலு இடத்தில் இருப்போம். உங்களிடம் இல்லாதது வலு இல்லை, தம்பி. கீழே இறங்கி ஓட்டிய நாட்கள் உங்களிடம் இல்லை.

எங்கள் கிளப்பில் ஒரு மூத்த அண்ணன் இருந்தார். நான் முதல் பந்தயத்தில் விழுந்து அடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தபோது திட்டவில்லை. "எத்தனை தடவை முன்னால போன?" என்று மட்டும் கேட்டார். எண்ணவில்லை என்றேன். "இனிமே எண்ணு" என்றார். அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் என்னை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். இருட்டோடு பிக்அப் வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கீழே போவோம். ஐந்தாறு பேர் அன்னூர் சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டுவோம். பிறகு சைக்கிளிலேயே மலை ஏறி வீடு திரும்புவோம். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் பாடம்.

அந்த 40 கிலோமீட்டரில் என்ன கற்றுக்கொள்வது? முதலில் வீல் பிடிப்பது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் விட்டுத் தொடங்குங்கள், பழகப் பழக அரை மீட்டருக்கு வரலாம். கண் அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கக்கூடாது, முன்னால் போகிறவரின் தோளுக்கு மேலே சாலையைப் பார்க்க வேண்டும். சக்கரத்தையே பார்த்தால் அவர் செய்வது எல்லாம் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் உரசும் நிலைக்கு ஒருபோதும் போகாதீர்கள். அவர் குழிக்கு ஒதுங்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள். கூட்டத்துக்குள் திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது. மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினாலோ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்கினாலோ போதும், வேகம் குறைந்துவிடும்.

இரண்டாவது, சுழற்சி. முன்னால் நிற்பவர் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இழுத்துவிட்டு ஒதுங்கிப் பின்னால் போவார், அடுத்தவர் வருவார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இங்கே ஒரே தப்பைச் செய்வார்கள். தன் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் இப்போதுதான் இழுத்து முடித்துக் களைத்துப் பின்னால் போகிறவர் வரிசையின் வாலைப் பிடிக்க முடியாமல் கழன்றுபோவார். முன்னவர் எந்த வேகத்தில் விட்டாரோ அதே வேகத்தில் நீங்கள் தொடர வேண்டும். காலில் கூடுதல் தெம்பு இருந்தால் முன்னால் நிற்கும் நேரத்தை நீட்டுங்கள்.

மூன்றாவதுதான் கடினம், பக்கக்காற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடைக்குப் போகும் சாலை தெற்கு நோக்கி ஓடுகிறது, ஆடிக்காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அப்போது மறைப்பு நேர் பின்னால் கிடைக்காது, இடப்பக்கமாகச் சற்றுப் பின்னால்தான் கிடைக்கும். திரும்பி வரும்போது அது வலப்பக்கமாக மாறும். எனவே வரிசை நேராக இல்லாமல் சாலைக்குக் குறுக்கே சாய்வாக விரியும். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. இடம் கிடைக்காத ஏழாவது, எட்டாவது ஆள் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் தொங்கிக்கொண்டு, வீல் பிடித்தும் பயனில்லாமல் முழுக் காற்றையும் வாங்குவார். பெரிய கூட்டங்கள் உடைவது இப்படித்தான். காற்று மாறும் திருப்பம் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கு அரைக் கிலோமீட்டர் முன்பே முதல் ஆறு பேருக்குள் போய்விட வேண்டும். அந்த நெடுஞ்சாலையில் லாரியும் பேருந்தும் ஓயாது, ஆகவே இந்தப் பயிற்சியைப் போக்குவரத்து இல்லாத உட்சாலைகளில் மட்டும் செய்யுங்கள். சாலை அடைத்து நடத்தும் பந்தயத்தில் மட்டுமே முழு அகலத்துக்கும் விரியலாம்.

இப்போது அணி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்து பேர் ஓடினாலும் மேடையில் ஏறுவது ஒருவர்தான், மற்ற நாலு பேரும் வேலைக்காரர்களா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் கிளப்பில் முந்தைய நாள் இரவே பேசி முடிவெடுப்போம். நாளைய பாதைக்கு யாருடைய கால் பொருத்தம்? மலையில் முடியும் பந்தயம் என்றால் நன்றாக ஏறும் ஒருவரைக் காப்பாற்றி வைப்போம். இருவர் காற்றைத் தாங்குவார்கள். ஒருவர் எதிரணியில் யார் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் அவர் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், இழுக்கக்கூடாது, கூடப் போனால் போதும். ஒருவர் தண்ணீரையும் உணவையும் பார்த்துக்கொள்வார், நம் ஏறுபவருக்குச் சக்கரம் பங்க்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். நம் ஆள் ஒருவர் முன்னால் ஓடிய கூட்டத்தில் இருந்தால் மற்ற நால்வரும் துரத்தவே கூடாது. "எங்க ஆள் முன்னாடி இருக்கான், நாங்க ஏன் இழுக்கணும்?" என்று உட்கார்ந்து வர அணிக்குத்தான் உரிமை உண்டு. தனியாக ஓட்டுகிறவருக்கு அது இல்லை, அவர் எல்லாரையும் தானே துரத்த வேண்டும். எங்கள் வழக்கப்படி பரிசுப் பணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஐந்தாகப் பங்கு. இந்த ஒன்றை உங்கள் அணியிலும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டு மனம் கசந்த நல்ல அணிகளைப் பார்த்திருக்கிறேன்.

அணியோடு சேர்ந்து ஓட்டுகிற எல்லாமே பந்தயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300 கிலோமீட்டரை 20 மணிக்குள் முடிக்க வேண்டும். அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் பல நாள் பயணம், அதில் சில பகுதிகளை மட்டும் நேரம் வைத்து அளப்பார்கள். மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிச் சாலை அதனால்தான் நாடு முழுக்க சைக்கிள்காரர்களுக்குத் தெரிந்தது. இரண்டும் அருமையான விஷயங்கள். ஆனால் நீங்கள் கேட்கும் பந்தயத்துக்கு வேண்டிய கூட்ட வித்தையை அவற்றிலிருந்து முழுதாகக் கற்க முடியாது.

கீழே இறங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, அதனால் அங்கே எவ்வளவு முக்கினாலும் கால் கீழே கொடுக்கிற அளவு வாட் கொடுக்காது. மேலேயே பழகிய கால், கீழே பந்தயம் கேட்கும் வேகத்தைப் பார்த்ததே இருக்காது. உயரத்தில் வாழ்ந்து தாழ்வில் பயிற்சி எடுப்பது நல்ல பலன் தருகிறது என்று லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் ஓட்டக்காரர்களை வைத்துக் காட்டினார்கள். அதற்காகப் பணம் செலவழித்து மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வீடு மேலே, பயிற்சித் திடல் கீழே, நடுவில் ஒரு சாலை.

வெயிலையும் மறக்காதீர்கள். குன்னூர்க் குளிரில் தாகமே தெரியாது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அரை பாட்டில் மீதியோடு வீடு வருவோம். அந்தப் பழக்கத்தோடு கீழே போனால் முதல் மணி நேரத்திலேயே உடம்பு வறண்டுவிடும். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும், எல்லாருக்கும் அவ்வளவு விடுமுறை கிடைக்காது. முடிந்த அளவு ஞாயிறுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மணிக்கு இப்படி இரண்டு பாட்டில் குடித்தால் 60 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும், நீண்ட பந்தயத்துக்கு அவ்வளவு வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும். கடலைமிட்டாய் எனக்கும் பிடிக்கும், ஆனால் கொழுப்பும் புரதமும் சேர்ந்த பண்டம் மெதுவாகத்தான் செரிக்கும், பந்தயம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள். முக்கியமாக, பசிக்கும் முன் சாப்பிட வேண்டும். உங்களுக்கு நாலாவது வளைவில் நடந்ததில் பாதி காற்று என்றால் மீதி இதுவாகத்தான் இருக்கும். அன்னூரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவருக்குக் கையை எடுத்துச் சாப்பிட நேரம் எங்கே இருந்திருக்கும்?

சைக்கிளை மாற்ற வேண்டாம். சைக்கிள் எடையில் ஒரு கிலோ குறைத்தால், 100 நிமிடம் எடுக்கும் ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமாகும். அதற்கு ஐம்பதாயிரம் போடுவதற்கு முன்னால் பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 25 பல் என்றால் 10 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 58 சுற்றுதான் மிதிக்க முடியும், ஒவ்வொரு மிதியும் முழங்காலைத் தின்னும். பின்னால் 32 பல் போட்டால் அதே வேகத்துக்கு 75 சுற்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 25 கிலோமீட்டரில் 1,300 மீட்டருக்கு மேல் உயர்கிறோம். அதே கல்லாறு–குன்னூர் துண்டில் நீலகிரி மலை ரயில்கூடத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வைத்துத்தான் ஏறுகிறது. கேசட் எனப்படும் பின்சக்கரப் பல்தொகுதி, செயின், நல்ல டயர், இவற்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் கிளப்பில் இறக்கத்துக்கு நேரம் குறிப்பதே கிடையாது. திறந்த சாலையில் இறக்கத்தில் முந்துவது பந்தயமாகாது. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சட்டம். கொண்டை ஊசியில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். பர்லியாறுக்கு மேலே ஒரு டிசம்பர் காலை, மூடுபனியில், ஈரமான தைல இலையின் மேல் என் முன்சக்கரம் வழுக்கியது. தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் கையைத் தூக்க முடியவில்லை. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூட்டில் டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். கோத்தகிரிச் சாலையில் அரவேணுவைத் தாண்டினால் காட்டெருமை எந்த வளைவிலும் நிற்கலாம், யானைகூட நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு ஆகும் இடங்கள் உங்களுக்கே தெரியும், அந்த இரண்டு மாதமும் வீட்டில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் ரோலரில் மிதித்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

கேப்டன் சொன்ன வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களை ஒதுக்கவில்லை. முதல் பந்தயத்தில் நீங்கள் யாரும் கேட்காமல் எல்லா அணிகளுக்கும் செய்த அதே வேலையை, இந்த முறை உங்கள் அணிக்கு மட்டும் செய்யச் சொல்கிறார். எப்படிச் செய்வது என்பதில் மட்டும் கவனம் வையுங்கள். முதல் 40 கிலோமீட்டர் முன்னால் எட்டியே பார்க்காதீர்கள், உங்கள் ஏறுபவருக்குப் பக்கத்திலேயே இருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை குடியுங்கள், கடிகாரத்தைப் பார்த்தே குடியுங்கள். மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழையும் முன் அவரை உங்கள் சக்கரத்தில் ஒட்டச் சொல்லிவிட்டு வரிசையின் முன்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். ஊரைத் தாண்டியதும் கல்லாறு வரை இருக்கும் அந்த ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் உங்களுடையது. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாலை லேசாக உயரத் தொடங்கும்போது மூச்சு இரைக்கும் அளவுக்கு இழுங்கள், பின்னால் யாரும் ஓய்வெடுக்கவோ உங்கள் ஆளைத் தாண்டி இடம் பிடிக்கவோ முடியாத வேகத்தில். முதல் வளைவு கண்ணில் பட்டதும் ஒதுங்கி வழிவிடுங்கள். அதன் பிறகு யாரையும் துரத்தாதீர்கள். ஒரு பாட்டிலைக் குடித்து முடியுங்கள், ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள், உங்கள் சொந்த வேகத்தில் ஏறுங்கள். நாலாவது வளைவில் கால் எப்படி இருந்தது, மேலே வந்து சேரும்போது எத்தனை பேரைத் தாண்டியிருந்தீர்கள், இரண்டையும் குறித்துவைத்து எனக்குச் சொல்லுங்கள்.